ஆளுக்கொரு ஒன்றாம் நம்பர்

போன வாரம் ஓசூர் சந்தையில், தக்காளி அடுக்கியிருந்த ஒரு பட்டாசு அட்டைப்பெட்டியைக் குனிந்து முகர்ந்து பார்த்தேன். கடைக்காரர் என்ன நினைத்தாரோ. ஸ்டிக்கர் பசையும் வெடிமருந்தும் கலந்த அந்த வாசனை என்னைச் சிவகாசிக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எட்டாவதோடு பள்ளியை விட்டு ஊர் ஊராகச் சுற்றியவன் நான். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் விருதுநகர் பிரவுசிங் சென்டர் ஒன்றில் கூட்டிப் பெருக்கினேன். புள்ளியியல் படித்த கல்லூரிப் பையன் ஒருவன் அங்கே வந்து 'ஆர்' என்ற கணினி மொழியில் தட்டுவான். 'ரெப்' என்று எழுதி எண்களைக் கொடுத்தால் அது சலிக்காமல் திரும்பத் திரும்ப எழுதும். பார்க்கப் பார்க்க எனக்குத் தலைக்குள் மத்தாப்பு. அந்த மொழியைப் பதிந்து அவன் தந்த சிடியோடுதான் சிவகாசியில் காதர் பாயின் ஸ்டிக்கர் கடையில் சேர்ந்தேன். படுக்கையும் அங்கேயே.

பட்டாசுப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் ஒரே நம்பர் ஒட்ட வேண்டும். லாரியில் எப்படி அடுக்கினாலும் தெரியணும். தீபாவளி சீசன் பார்த்துப் பாயின் நம்பரிங் மிஷின் பல் உடைந்தது. கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிறேன் என்றேன்.

"ஏலே, சாயங்காலம் லோடு ஏறலேன்னா ஆர்டரும் போச்சு, ஒனக்கு இங்கன படுக்கையும் போச்சு" என்றார் பாய்.

ரெப்போடு 'ஈச்' என்று ஒரு சொல் சேர்த்தேன். ஒன்று ஒன்று, இரண்டு இரண்டு, மூன்று மூன்று என்று பிரிண்டர் கரகரவென நீள நாடாவாகத் துப்பியது. சுருட்டிக்கொண்டு தாயில்பட்டி பேக்கிங் ஷெட்டுக்கு மொபெட்டில் பறந்தேன்.

அங்கே மாரியம்மாக்கா பெட்டிக்கு இந்தப் பக்கம், அவளுடைய அண்ணன் பெண்டாட்டி சுப்புத்தாய் அந்தப் பக்கம். மேசைமேல் பெட்டி நகர நகர, ஆளுக்கொரு நாடாவிலிருந்து உரித்து எதிரெதிரே ஒட்டுவார்கள். அந்த வேகம் இல்லாவிட்டால் லோடு ஏறாது.

என் நாடாவை விரித்துப் பார்த்தாள் மாரியம்மாக்கா. "தம்பி, ரெண்டு ஒண்ணாம் நம்பரும் எங்கிட்டயே இருந்தா மைனி எதை ஒட்டுவாக?"

"அவ வாயில ஒட்டுறேன், குடு" என்றாள் சுப்புத்தாய்.

திரும்பி வரும் வழியில்தான் பொறி தட்டியது. மாற்ற வேண்டியது ஒரே சொல். 'ஈச்' இருந்த இடத்தில் 'டைம்ஸ்'. ஒன்றிலிருந்து கடைசி நம்பர் வரை போய், மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கியது. நடுவில் கிழித்தால் ஆளுக்கொரு நாடா! திரையில் அதைப் பார்த்ததும் கத்தியேவிட்டேன். சிவகாசியில் யாராவது கத்தினால் வேறென்ன நினைப்பார்கள்? பாய் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

இருட்டுவதற்குள் லோடு ஏறியது. மைனியும் நாத்தனாரும் ஒருத்தியை ஒருத்தி முந்தப் பார்த்து, ஏசிக்கொண்டே ஒட்டி முடித்தார்கள். எனக்குப் படுக்கை தப்பியது.

பாய் கடையை மூடி வெகுகாலமாகிறது. போன வருடம் அந்த ஷெட்டை எட்டிப் பார்த்தேன். இப்போது பெட்டிக்கு ஒரே ஒரு பார்கோடு ஸ்டிக்கர் போதுமாம். ஒரு பெண் பேச்சில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தாள். மைனி நின்ற பக்கம் சுவரோடு ஒட்ட மேசையைப் போட்டிருந்தார்கள்.