எல்லாருக்கும் ஒத்துவரும் நிறம்

“மார்கழி, போகிக்கு முந்தின ஞாயிறு. ஹால் நீலம், இரண்டு கோட்டு. அப்பா பார்த்துவிட்டுச் சரி என்றார்.”

ஆம்பூர் வீட்டு மரபீரோவின் கதவுக்கு உள்பக்கம் நான் பென்சிலில் எழுதியது இது. வீட்டில் எது நடந்தாலும் தேதி போட்டு எங்காவது எழுதிவைப்பது என் பழக்கம். ஆணியில் தொங்கிய அந்துருண்டைப் பை உரசி உரசி ஆண்டு மட்டும் அழிந்துவிட்டது. தம்பி கல்லூரியில் சேர்ந்த வருடம் என்பது வரை உறுதியாகச் சொல்வேன். அதன் பிறகு எத்தனையோ பொங்கலுக்குப் பெயிண்ட் அடித்தோம். ஹால் மட்டும் எப்போதும் நீலம்தான்.

அப்பாவும் அம்மாவும் போனபின், வேலூரில் இருக்கும் நானும் ஓசூரில் இருக்கும் தம்பியும் அந்த வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம். பார்க்க வந்த புரோக்கர் ஹாலின் நடுவில் நின்று சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

“இன்னா டீச்சர், இவ்ளோ நீலம்? ஐவரி அடிச்சிடுங்க. இல்லாட்டி வெள்ளை. வர்ற பார்ட்டிக்குக் காமன் கலரா இருக்கணும்.”

“காமன்னா?”

“எல்லாருக்கும் ஒத்து வர்ற மாதிரி.”

“இது யாருக்கு ஒத்து வரல?”

அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சிரித்தார். “படிச்சவங்க, நான் சொல்லியா தெரியணும்? நீலத்தப் பார்த்தா சில பேரு வாசல்லயே இது யாரு வூடுன்னு கேப்பாங்க. வெலை கம்மியாயிடும்.”

விளங்காத பேச்சல்ல. நீலம் எங்கள் மக்களின் கொடியில் உள்ள நிறம். எனக்கு வேலை கிடைத்து வேலூரில் வாடகைக்கு வீடு தேடியபோது, “நீங்க இன்னா ஆளுங்க?” என்று நேராகவே கேட்டார்கள். இப்போது கேட்பதில்லை; சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். நாங்களும் வெள்ளையடித்து அதற்கு ஒத்துழைக்க வேண்டுமாம்.

அப்பா நீலம் அடித்ததற்குக் கொடி மட்டும் காரணமில்லை. டேனரியில் அவருக்குச் சுண்ணாம்புக் குழியில் வேலை. பச்சைத் தோலிலிருந்து மயிர் கழல்வதற்கு அதில்தான் ஊறப்போடுவார்கள். பொங்கல் நெருங்கினால் தெருவே சுண்ணாம்பு கரைக்கும். எங்கள் வாசற்படிக்குள் மட்டும் அந்த வாளி வரக்கூடாது. “காலையிலருந்து அதுலயே நின்னுட்டு வர்றேன், வூட்லயும் அதையே பார்க்கணுமா?” என்பார். உள்ளங்கை வெடித்து, சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்ட மனிதர். அவருக்கு வெள்ளை பொதுவான நிறமாக இருந்ததே இல்லை.

கூட வேலை செய்தவர்கள் ஹாலைப் பார்த்துக் கிண்டலடித்தார்கள். அழுகாமல் பதப்படுத்தும் குரோம் டிரம்மிலிருந்து வெளிவரும் தோல் ஏறக்குறைய அதே நீலத்தில் இருக்கும். “இன்னாப்பா, வூட்டையும் டிரம்ல போட்டு எடுத்துட்டியா?”

“ஆமாண்டா, இனிமே அழுகாது,” என்றார் அப்பா.

தம்பிக்கு போன் செய்தேன். அவனிடம் புரோக்கர் முன்பே பேசியிருந்தார்.

“அக்கா, விக்கப்போற வூடு. எந்தக் கலரா இருந்தா இன்னா? பேஜார் பண்ணாத.”

“எந்தக் கலரா இருந்தா இன்னான்னா, நீலமாவே இருக்கட்டும்.”

“லேட்டாவும்ன்றாரு.”

“ஆவட்டும்.”

“நீ கிளாஸ்ல பேசற மாதிரியே பேசு,” என்று சொல்லி போனை வைத்துவிட்டான். பெயிண்ட் விஷயத்தில் அதற்கு மேல் அவன் குறுக்கே வரவில்லை.

ஜன்னலோரம் விரிசல் இருந்ததால் எப்படியும் பூசியாக வேண்டும். பெயிண்ட் கடையில் அட்டையை விரித்து ஐவரி, கிரீம், சந்தனம் என்று காட்டினார்கள். பெயர்ந்த காரைத் துண்டு ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்து வைத்து, இதே நீலம் கலந்து கொடுங்கள் என்றேன். ஹால் முழுக்கப் புதிதாக இரண்டு கோட்டு. பழைய நீலம் மங்கியிருந்தது. புதியது தெருவிலிருந்தே தெரிந்தது.

புரோக்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். “டீச்சர், உங்களுக்கு விக்கிற எண்ணம் இருக்கா?”

“இருக்கு. யாரு வீடுன்னு தெரிஞ்சு வர்றவங்க வந்தா போதும்.”

முதலில் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலோடு திரும்பிவிட்டார். அடுத்து வந்த குடும்பத்தின் பெரியவர், புரோக்கர் சொன்னபடியே, “இது யாருங்க வீடு?” என்று கேட்டார்.

“டேனரியில சுண்ணாம்புக் குழியில வேலை செஞ்சவர் வீடு. அவர் பொண்ணு நான்,” என்று சொல்லித் தண்ணீர் நீட்டினேன். தாகமில்லை என்றார்கள். மத்தியான வெயில். சொம்புத் தண்ணீரை அவர்கள் எதிரிலேயே நான் குடித்து முடித்தேன்.

கடைசியில் வாங்கியது ஷூ கம்பெனியில் வேலை செய்யும் கணவன் மனைவி. அந்தப் பெண் குழாயைத் திறந்து, போர் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, “உப்பு ஜாஸ்தி,” என்றார். சமையலறை ஜன்னலைத் திறந்து மூடினார். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புரோக்கர் சொன்ன விலையைவிடக் கொஞ்சம் கம்மிதான். தம்பிக்கு அதில் வருத்தம் உண்டு. எனக்கு இல்லை.

பீரோவை வேலூருக்குக் கொண்டுவந்துவிட்டேன். பழைய பென்சில் வரிக்குக் கீழே இரண்டு செய்திகளைத் தேதியோடு எழுதியிருக்கிறேன். பால் காய்ச்சுவதற்கு முன்பே ஹாலுக்கு ஐவரி அடித்துவிட்டார்கள் என்றார் புரோக்கர். இன்னும் நீலம்தான், ஓரத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை போட்டிருக்கிறார்கள் என்று எதிர்வீட்டுப் பெண் போனில் சொன்னார். விற்ற அன்று அது நீலம். அதற்கு நானே சாட்சி. இப்போது என்ன நிறம் என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.