ஏகாம்பரம் வைத்த மூன்று கால்

ஏகாம்பரம் இறந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. அடுப்புத் திட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. திட்டம் முடிந்த பிறகும் யாரும் அதைக் கலைக்கவில்லை. "நம்ம ஏகாம்பரம் காலையில் மாரடைப்பில் காலமானார்" என்று ஆலங்காயத்திலிருந்து ஒருவர் போட்டிருந்தார். அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். முதல் கைகூப்பு அவரை வேலையை விட்டு அனுப்பிய மேலாளருடையது. இரண்டாவது என்னுடையது. இதைப் படிக்கிற உங்களில் பலருடைய கைகளும் அந்த வரிசையில் இருக்கின்றன. அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜவ்வாது மலையில், புதூர்நாட்டைச் சுற்றியுள்ள ஊர்களில், வீட்டுக்கொரு தகர அடுப்பு கொடுத்தோம். விறகு குறையும், புகை குறையும். குறைந்த புகையைக் கணக்கிட்டுக் காட்டினால், எங்கோ ஓர் ஆலை அதைத் தன் புகைக்கு ஈடாக வாங்கிக்கொள்ளும். அதன் பெயர் கார்பன் கிரெடிட். நான் அறிக்கை எழுதுபவன். ஏகாம்பரம் ஆலங்காயத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். அடுப்புகளைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் வந்தார். என்னைவிட மூத்தவர். ஆனாலும் கடைசிவரை என்னை சார் என்றே அழைத்தார்.

முதல் நாள், பள்ளிக்கூட வளாகத்தில் அடுப்பைச் செய்துகாட்டினோம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தோம். மண் அடுப்பைவிடச் சீக்கிரம் கொதித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஏகாம்பரம் எழுந்தார்.

"தண்ணி கொதிக்குது, சரிங்க. இதுல களி கிண்டிப் பாத்தீங்களா?"

ஆய்வகத்தில் எல்லாச் சோதனையும் முடிந்துவிட்டது என்று மேலாளர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். "லேபுல இன்னா சாப்புடுவாங்க சார்?" என்றார் ஏகாம்பரம். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதை அப்போதே கவனித்தேன், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புது அடுப்பு கொடுத்த வீட்டில் பழைய மண் அடுப்பை இடித்துப் படம் எடுக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. இடித்தோம், எடுத்தோம். கேழ்வரகுக் களியைக் கிண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கடைசிக் கட்டத்தில் உடம்பின் பலம் முழுவதும் துடுப்பில் இறங்கும். மண் அடுப்பு அசையாது, குண்டானை இறுகப் பிடித்துக்கொள்ளும். எங்கள் தகர அடுப்பு அப்படியே சாய்ந்தது. பூங்கொடி என்ற பெண்ணின் வலது காலில் கொதிக்கும் களி கொட்டியது. பாதம் வெந்து, அவர் வெகுநாள் நொண்டினார். அறிக்கையில் நான் அதை "பயன்பாட்டுப் பயிற்சி தேவை" என்று எழுதினேன்.

ஏகாம்பரம் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். வெறும் குண்டானில் துடுப்பைச் சுழற்றச் சொல்லி, அடுப்பைக் கையால் பிடித்தபடி அது எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்தாராம். பிறகு அடுப்பை ஜீப்பில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனார். அகன்று நிற்கிற மூன்று இரும்புக் கால்கள், குண்டானைக் கவ்விப் பிடிக்க ஒரு வளையம். அவ்வளவுதான். அந்த அடுப்பில் பூங்கொடி களி கிண்டியதைப் பார்த்த பெண்கள், தங்கள் அடுப்புகளையும் தூக்கிக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். திட்டம் தொடங்கியதிலிருந்து அந்த மலையில் எங்கள் அடுப்பு உண்மையிலேயே எரிந்தது அந்தச் சில மாதங்கள்தான்.

அப்புறம் தணிக்கைக்கு ஆள் வந்தார். அடுப்பின் அடியைப் பார்த்தார், கையிலிருந்த படத்தைப் பார்த்தார். இது சான்று பெற்ற மாதிரி அல்ல, கணக்கில் சேராது என்றார். கால் வைத்த அடுப்புகளை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு சான்று பெற்ற அதே மாதிரியில் புது அடுப்புகளைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அலுவலகக் கூட்டத்தில் ஏகாம்பரம் நின்றுகொண்டே பேசினார்.

"எரியுற அடுப்பு கணக்குல வராது, எரியாதது வரும். நல்லா கீது சார் உங்க புகைக் கணக்கு."

திட்டப் பொருளைச் சேதப்படுத்தினார் என்று ஒரு கடிதம் கொடுத்து அவரை அனுப்பினார்கள். புது அடுப்புகளை யாரும் தொடவில்லை. பெண்கள் வாசலில் மூன்று கல்லைக் கூட்டி, மழையிலும் புகையிலும் சமைத்தார்கள். "பயனாளிகள் தொடர்ந்து பயன்படுத்துகின்றனர்" என்று நான் எழுதிக் கையெழுத்திட்டேன். மலை ஏறாமலே எழுதினேன்.

பிறகு ஒரு நாள் ஆலங்காயம் பேருந்து நிலையத்தில் அவரைச் சந்தித்தேன். கோபிப்பார் என்று நினைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். "உங்க அடுப்புல கோழி முட்ட வெக்குதாம் சார். பறவைங்களும் பயனடையுதுன்னு எழுதிடுங்க" என்றார். நான் அசடு வழியச் சிரித்தேன். டம்ளரை வைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்தார். "எரியுதுன்னு எழுதினீங்களே, நீங்க பாத்தீங்களா சார்?" மேலிடத்தில் சொன்னார்கள் என்றேன். வாணியம்பாடி பேருந்து வந்ததும் ஏறிக்கொண்டேன். அதுதான் கடைசிச் சந்திப்பு.

சாவுக்கு மேலாளர் பெரிய மாலையோடு வந்தார். பந்தலில் "பசுமைப் போராளி" என்று பேனர் கட்டியிருந்தார்கள், திட்டத்தின் முத்திரையோடு. ஏகாம்பரத்தின் மனைவி மகேஸ்வரி அதைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அந்தக் கடுதாசி வந்தப்போ ரெண்டு நாளு சாப்புடல சார் அவரு. இப்போ இன்னாத்துக்கு இது?" பேனரை அவிழ்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் புதூர்நாட்டுக்கு ஜீப் ஏறினேன். பூங்கொடியின் வீட்டுக்குள் நுழைந்ததும் களி வாசனை. மூலையில் மூன்று இரும்புக் காலோடு அந்த அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வாங்கிப் போக வந்தவர்களிடம் ஓடையில் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லி, சாமை வைக்கோல் போருக்குள் மறைத்து வைத்திருந்திருக்கிறார். ஏகாம்பரம் இறந்ததைச் சொன்னேன். தெரியும் என்று தலையசைத்தார். துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, எனக்கும் அடுப்புக்கும் நடுவில் வந்து நின்றார்.

"அவரு போய்ட்டாருன்னு இத எடுத்துனு போவ வந்தீங்களா சார்?"

இல்லையம்மா என்றேன். அவர் நம்பவில்லை. நான் நம்பத் தகுந்த ஆளும் இல்லை. ஏகாம்பரத்திடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த டீக்கடைக் கேள்வி ஒன்றுதான். பார்த்துவிட்டேன், ஏகாம்பரம். எரிகிறது. நான் படி இறங்கி ஜீப் ஏறும்வரை பூங்கொடி அடுப்பை விட்டு நகரவில்லை.