ஓபராவுக்குக் கட்டிப் போன அரக்குச் சேலை

மருமகளிடமிருந்து பிடுங்கி வைத்த பட்டுச் சேலையை நான் கட்டினேன். கட்டியது மட்டுமா? பொட்டும் வைத்துக்கொண்டேன்! புருஷன் செத்துப் பதினெட்டு வருஷம் கழித்து, வியன்னாவில், ஓபரா பார்க்கப் போன அன்றைக்கு.

இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் சின்னமனூர்ப் பக்கம் வந்து கோள் மூட்டவா போகிறீர்கள்?

அரக்குப் பட்டு, மாம்பழ மஞ்சள் கரை. மருமகள் ஈஸ்வரிக்கு அவள் அம்மா வீட்டில் வளைகாப்புக்கு எடுத்தது. என் மகன் போன ஜீப் குமுளி மலைப்பாதையில் கவிழ்ந்து அவன் செத்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. மூன்று வருஷம் கழித்துக் கம்பத்தில் ஒரு கல்யாணம். வாசலில் வேன் நிற்கிறது, உள்ளே சொந்தக்காரர்கள். ஈஸ்வரி அந்தச் சேலையோடு வெளியே வந்தாள்.

"யாருக்குக் காட்ட இந்த மினுக்கு? நானே வெள்ளச் சேலையோட நிக்கேன், ஒனக்குச் செவப்பு கேக்குதோ?" என்றேன். வேன் முழுக்கக் கேட்டது.

அவள் அப்படியே திரும்பினாள். உள்ளே போய்ச் சாம்பல் நிறச் சேலையில் வந்தாள். அரக்குச் சேலையை நான் என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

பிறகு ஒருநாள் வியன்னாவில் இருக்கும் என் மகள் செல்வி டிக்கெட் அனுப்பினாள். பெட்டியில் முருங்கைக்கீரைப் பொடி, ஊறுகாய், எல்லாவற்றுக்கும் அடியில் அந்தச் சேலை. பூட்டிக் கிடப்பதற்கு மகளாவது கட்டட்டுமே… என் கணக்கு அது.

அவள் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள். "ஏம்மா, இது ஈஸ்வரி மதினி சேலையில்ல?"

"அவளுக்கு இனிமே எதுக்குடி?"

"அப்ப எனக்கும் வேணாம்."

சேலை மறுபடி பெட்டிக்குள் போனது.

அந்த வாரம் மருமகனின் அதிகாரி ஓபரா என்கிற பாட்டு நாடகத்துக்கு மூன்று டிக்கெட் கொடுத்தார். அன்றிலிருந்து செல்வி எனக்குப் பாடம் எடுத்தாள். "அங்கன எல்லாரும் நல்லா உடுத்திட்டு வருவாகம்மா. குரங்குக் குல்லா போடாத. சாக்ஸ மாட்டிக்கிட்டு அதுக்கு மேல செருப்பப் போடாத. வெத்தல பையத் தூக்கிட்டு வராத!"

"என்னயவே வீட்ல விட்டுட்டுப் போயேன்," என்றேன்.

வெள்ளைச் சேலையில் குழம்பு கொட்டிவிட்டது என்று உங்களிடம் ஒரு பொய் சொல்லலாம். வேண்டாம். அது இஸ்திரி போட்டு நாற்காலியில்தான் தொங்கியது. நான்தான் அதைத் தாண்டிப் போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

செல்வியின் கறுப்பு ரவிக்கை எனக்குச் சேரவில்லை. மூன்று ஊக்கு குத்தினேன். குளியலறைக் கண்ணாடியில் அவள் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து நெற்றியில் வைத்தேன். செல்வி வந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "மேல கோட்டப் போட்டுக்கம்மா, குளுரும்" என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கோட்டை நம்பித்தான் போனேன்! முழங்காலுக்குக் கீழே தொங்குகிற கோட்டு, உள்ளே என்ன நிறம் என்று யாருக்குத் தெரியும்? போனால், வாசலிலேயே ஒருவன் கோட்டைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டான். அங்கே அதுதான் வழக்கமாம்!

சுற்றிலும் பார்த்தேன். ஆணும் பெண்ணும் கறுப்பு… எல்லாம் கறுப்பு! ஊரே சாவு விழுந்த துட்டி வீட்டுக்கு வந்தது போல. நடுவில் கல்யாணப் பெண் மாதிரி நான் ஒருத்தி.

பக்கத்து நாற்காலியில் ஒரு கிழவி, என்னைவிடப் பத்து வயது மூப்பு இருக்கும். கழுத்தில் முத்து மாலை, உதட்டில் ரத்தச் சிவப்பு. என் சேலைக் கரையை ஒரு விரலால் தொட்டு என்னவோ சொன்னாள்.

"ரொம்ப அழகா இருக்கியாம்மா," என்றாள் செல்வி.

"இவுகளுக்குப் புருசன் இருக்காகளான்னு கேளு."

"அம்மா! சும்மா இரும்மா!"

மேடையில் சாகக் கிடந்த ஒருத்தி அரை மணி நேரம் பாடினாள். நம் ஊராக இருந்தால் வாயில் பால் ஊற்றியிருப்போம். சத்தியமாக நான் அவளைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த முந்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை அதன்மேல் எவ்வளவு நன்றாக இருந்தது!

கட்டியது தப்பா? இல்லை! நாளைக்கே யாராவது கூப்பிட்டால் திரும்பவும் கட்டுவேன், பச்சை கிடைத்தால் பச்சை. அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

ஆனால் ஊருக்குத் திரும்பியதும் ஈஸ்வரி ஆசையாகக் கேட்டாள். "அந்தப் பாட்டு நாடகத்துக்கு எந்தச் சேலையக் கட்டிட்டுப் போனீக அத்தை?"

"வெள்ளதான். வேற என்ன இருக்கு எனக்கு?"

ஏன் அப்படிச் சொன்னேன்? அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் மறுநாள் காலை சிவப்புக் கட்டியிருப்பாளே… அதற்குத்தான் பயந்தேனா? நான் தாண்டிய வேலியை அவள் தாண்டக் கூடாதா?

ஐந்து வருஷம் போனது. போன மாதம் தேனியில் அவள் தம்பிக்குக் கல்யாணம். பீரோவைத் திறந்து சேலையை எடுத்து, பெரிய தர்மவதி போல நீட்டினேன். "இதக் கட்டிட்டுப் போ ஆத்தா. காலம் மாறிப்போச்சுல்ல."

அவள் முகம் விரிந்தது. மெல்லப் பிரித்தாள். முந்தியின் உட்பக்கம் ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. ஓபரா முடிந்து அன்று வீடு திரும்பி நெற்றியிலிருந்து உரித்தவள், பழைய பழக்கத்தில் அங்கேயே ஒட்டி, மறந்தே போயிருக்கிறேன்.

பொட்டைப் பார்த்தாள். என் வெறும் நெற்றியைப் பார்த்தாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம்! ஊரையே சிரிக்க வைக்கிற வாய்… "செல்வி வச்சதா இருக்கும்" என்றது.

ஈஸ்வரி அந்தப் பொட்டை நகத்தால் அழுத்தி, இருந்த இடத்திலேயே ஒட்டினாள். சேலையை மடிப்புக் கலையாமல் மடித்து என் மடியில் வைத்தாள்.

"பத்திரமா வைங்க அத்தை. மறுபடி எங்கனயாச்சும் போவீக."

வாசலில் வேன் நின்றது. சாம்பல் நிறச் சேலையில் ஏறி உட்கார்ந்தாள். இந்தத் தடவை யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைத்தான் நான் என்றைக்கோ சொல்லிவிட்டேனே…