மஞ்சள் நூல் கட்டிய சூப்

அமாவாசை அன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. கண் விழித்தால் காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும். எழுந்த பிறகும் கனவு முடியாதது போல ஒரு மயக்கம். அந்த மயக்கத்திலேயே அடுப்பைப் பற்றவைத்து, ஃப்ரீசர் கொள்ளும் மட்டும் சூப் வைப்பேன்.

என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் கட்டி வந்து, வேலூரில் ரேடியேஷன் கரண்ட் வைத்தார்கள். கட்டி கரைந்தது. ஆனால் சோறு இறங்கவில்லை, ருசியும் வாசனையும் போய்விட்டன. ருசி மெதுவாக வரும், சிலருக்கு வராமலும் போகலாம் என்றார் டாக்டர். தறியில் பாவு நூல் ஏறி நெசவு நடக்கும்போது வேளைக்கு வேளை அடுப்படியில் நிற்க என்னால் ஆகாது. அதனால்தான் இந்த ஏற்பாடு.

செலவு ஒன்றும் பெரிதில்லை. சாயங்காலம் சந்தையில் மலிவாகத் தள்ளிவிடும் காய், ரைஸ் மில் நொய் ஒரு கை, பூண்டு, சீரகம். மிளகு கூடாது, தொண்டை எரியும். குக்கரில் குழைய விட்டு, மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, நன்றாக ஆறியதும் டப்பாவில் ஊற்றுவேன். விளிம்பு வரை ஊற்றக்கூடாது. முதல் தடவை பேராசையில் ஊற்றி, உறைந்ததும் மூடி பிளந்துவிட்டது.

சுரைக்காய், முள்ளங்கி, வெள்ளைப் பூசணி எல்லாம் நொய் சேர்ந்தால் ஒரே வெள்ளை. அடையாளத்துக்குத் தறியில் மிச்சமான பட்டு நூலைக் கட்டினேன். சுரைக்காய்க்கு மஞ்சள், முள்ளங்கிக்கு ரோஸ், பூசணிக்கு நீலம். சுடவைப்பதற்கு முன் அவர் எதிரில்தான் நூலை அவிழ்ப்பேன். ஒரு வாய் குடித்ததும் சொல்வார்: "முள்ளங்கி சூப்பரா கீது." இல்லையென்றால், "பூசணி இன்னிக்கி ஏ ஒன்."

வாழ்நாளில் என் சமையலைப் பாராட்டாத மனிதர். எதை வைத்தாலும் நொட்டை சொல்லியே சாப்பிட்டவர். ருசி திரும்பியதோடு புத்தியும் வந்ததென்று பூரித்துப் போனேன்.

ஓர் அமாவாசைக்கு வீட்டில் மஞ்சள் நூல் மட்டும்தான் இருந்தது. தறியில் மஞ்சள் புடவை. இடம் நினைவிருக்கும் என்ற தைரியத்தில் எல்லா டப்பாவுக்கும் அதையே கட்டினேன். மறுநாள் ஒன்றை அவிழ்த்துச் சூடாக்கினால், வீடு முழுக்க முள்ளங்கி வாடை. அவர் குடித்தார். "சுரக்கா நல்லா கீதுமே" என்றார்.

இத்தனை நாளும் நாக்கால் அல்ல, நூலைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். நான் மனம் தளரக்கூடாதென்று வெறும் வெந்நீர் போல இருந்ததையெல்லாம் புகழ்ந்திருக்கிறார். தறியில் போய் உட்கார்ந்தேன். பட்டில் கண்ணீர் பட்டால் கறை நிற்கும் என்று எழுந்து பின்கட்டுக்குப் போய் அழுதேன். அவரிடம் கேட்கவில்லை. மறுபடி ரோஸும் நீலமும் கிடைத்தும், இனி அவர் நாக்கே சொல்லட்டும் என்று மஞ்சளையே கட்டினேன். பூசணிக்கும் சுரைக்காய் என்றார். நானும் ஆமாங்க என்றேன். அந்த நாட்கள் எனக்கு நீருக்குள் நடப்பது போலவே கழிந்தன. இந்த நாக்கு இனி என்னைத் திட்டவே திட்டாதோ என்று பயந்தேன்.

போன வாரம் மத்தியானம், வழக்கம்போல மஞ்சள் நூலை அவிழ்த்தேன். ஒரு ஸ்பூன் வாயில் வைத்தவர் நிறுத்தினார். இன்னொரு ஸ்பூன் எடுத்தார். முகம் சுளித்தது.

"இன்னாமே இது? சுரக்கா நூலக் கட்டிகினு உள்ள முள்ளங்கிய வெச்சிகினுகீற? அதுவும் முத்தினது. உப்பு வேற ஜாஸ்தி."

தெருவில் எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னொரு வாட்டி திட்டுங்க" என்றேன்.