மகளுக்கு எதிராக ஒரு நேர்த்தி

நேர்த்தி என்றால் பிள்ளை நன்றாக வரவேண்டும் என்று கோயிலில் வைப்பதுதான் உலக வழக்கம். பிள்ளை கேட்டது கிடைக்கக்கூடாது என்று நேர்த்தி வைத்த தாய் லண்டன் நோர்பரியில் ஒருத்திதான் இருந்திருப்பாள். அவள் பெயர் மெற்றில்டா. சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றின் சமையலறையில் வேலை. பிள்ளைகள் தட்டில் அவரையை ஒதுக்கினால்கூட மனம் கேட்காமல் வேறு ஏதாவது ஒரு கரண்டி வைத்துவிடுகிறவள். அப்படிப்பட்டவள் ஏன் இப்படிச் செய்தாள் என்று கேட்டால், அவள் மன்னார்த் தீவுக்காரி என்பதில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

அவளுடைய ஒரே மகள் ஜெனோஜா லண்டனில் பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் சீன மொழியும் வரலாறும் படிக்கிறாள். மூன்றாம் வருடத்தைச் சீனம் பேசுகிற ஓர் ஊரில்தான் படிக்கவேண்டும் என்பது அந்தப் படிப்பின் விதி. பெய்ஜிங், தாய்பே என்று சில ஊர்கள் கொடுத்திருந்தார்கள். ஜெனோஜா தாய்பேயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது றோஸ்மலர் அக்கா, "மகள் சைனாவில மெடிசினோ?" என்று கேட்டாள். சீனாவுக்குப் போகிற நம்மவர் பிள்ளைகள் வேறெதற்குப் போவார்கள் என்பது அவள் எண்ணம்.

தாய்பே எங்கே இருக்கிறது என்று ஜெனோஜா போனில் வரைபடம் காட்டினாள். ஒரு சின்னத் தீவு. கொஞ்சக் கடல். அந்தப் பக்கம் ஒரு பெரிய நாடு.

"இந்தப் படம் எனக்குத் தெரியும்," என்றாள் மெற்றில்டா.

"அம்மா, அங்க சண்டை ஒண்டும் வராது. எவ்வளவு சனம் சும்மா சந்தோசமா இருக்குது."

"நாங்களும் சும்மாதான் இருந்தனாங்கள்."

ஜெனோஜா எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வாக்குவாதம் வந்தால் அதுதான் அவள் வழக்கம்.

தொலைக்காட்சிச் செய்தியில் 'பதற்றம்' என்ற சொல் வந்தாலே மெற்றில்டா சத்தத்தைக் கூட்டிக் கேட்பாள். அந்தத் தீவைச் சுற்றிச் சீனாவின் போர் விமானங்கள் பறந்தன என்று செய்தி வரும். மறுநாள் அவள் அவரைக்கு உப்புப் போட மறப்பாள். புருசன் மாரடைப்பில் போனபோது ஜெனோஜாவுக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டே பேர். யாரிடம் சொல்வாள்? மாதாவிடம்தான் சொன்னாள். பிள்ளைக்கு இது சரிவராமல் போகட்டும், அப்படிப் போனால் ஊருக்கு வந்து உன் மடுக் கோயிலில் பிள்ளையின் உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்துகிறேன் என்று முழங்காலில் நின்று நேர்ந்துகொண்டாள்.

சரிவராமல்தான் போனது. தாய்பேயில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு மொழி வகுப்புகள் இருந்தன. ஆங்கிலத்தில் நடக்கிற பாடங்களும் வேண்டிய மட்டும் இருந்தன. ஆனால் சீனத்திலேயே நடக்கிற வரலாற்றுப் பாடம் ஒன்றாவது எடுக்காவிட்டால் அந்த வருடத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று லண்டனில் அவள் படிக்கிற பல்கலைக்கழகத்தில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். ஜெனோஜாவுக்குப் பொருந்தியது ஒன்றே ஒன்று, பழைய கடல் வாணிபத்தின் வரலாறு. பதிவு திறந்த அன்றே அது நிரம்பிவிட்டது.

ஜெனோஜா அழுதுகொண்டே வந்து சொன்னாள். மெற்றில்டா அவள் தலையைத் தடவினாள். உள்ளே ஒரு நிம்மதி ஊறியது. அந்த நிம்மதியைக் கண்டு அவளுக்கே தன்மேல் அருவருப்பு வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு அன்றைக்கு அவளால் ஒரு வாய் சோறு இறக்க முடியவில்லை.

ஆனால் அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. இடம் நிரம்பினாலும், பாடம் நடத்துகிறவர் மனம் வைத்தால் ஓர் எண் கொடுப்பார். அந்த எண்ணைப் போட்டால் உள்ளே போகலாம். ஜெனோஜா பேராசிரியை லின் என்பவருக்குச் சீனத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதினாள். கொழும்பு நூதனசாலையில் அந்தக் காலச் சீனக் கப்பல்காரர் சீனமும் தமிழும் பாரசீகமும் பொறித்து வைத்த ஒரு கல் இருக்கிறது, நான் தமிழ்ப் பிள்ளை, அந்தக் கல்லைப் பற்றி எழுத விரும்புகிறேன், எனக்குத் தமிழ் நன்றாக வாசிக்கத் தெரியும். கடைசி வரி பச்சைப் பொய். லண்டனில் பிறந்த நம் பிள்ளைகள் இதை எங்கேயும் கூசாமல் எழுதுவார்கள். வாசித்துக் காட்டு என்று கேட்க யார் இருக்கிறார்கள் என்ற தைரியம்தான்.

பேராசிரியை லின் அப்படிக் கேட்கிறவர். வீடியோவில் வா, பேசுவோம் என்று பதில் போட்டார். வேறு வழியில்லை. அன்றைக்கு இடம் கிடைக்காவிட்டால் தாய்பே இல்லை.

பள்ளிக்கூட விடுமுறை என்பதால் மெற்றில்டா வீட்டில் நின்றாள். காலையில் சமையலறை மேசையில் ஜெனோஜா கணினியை வைத்தாள். "அம்மா, குக்கரை வைச்சிடாதேங்கோ. ஒரு சத்தமும் வரக்கூடாது," என்றாள். மெற்றில்டா படத்தில் விழாத மூலையில், அடுப்படியில் போய் நின்றாள். கையில் செபமாலை இருந்தது. எந்தப் பக்கம் செபிப்பது என்றுதான் தெரியவில்லை.

மகள் இவ்வளவு நேரம் சீனம் பேசி அவள் கேட்டதில்லை. ஒரு சொல்லும் விளங்கவில்லை. நடுவில் 'மன்னார்' என்று மட்டும் விளங்கியது. திரையில் நரைத்த தலைமயிரோடு ஓர் அம்மா சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர் ஏதோ சொல்ல, திரையில் தமிழ் எழுத்து வந்து நின்றது. அந்தக் கல்லின் தமிழ்ப் பகுதியை யாரோ புத்தகத்தில் அச்சடித்திருந்தார்கள்.

வாசி என்று சொல்லியிருக்கிறார். அது விளங்க மொழி தேவைப்படவில்லை.

ஜெனோஜா ஓர் எழுத்தைச் சொன்னாள். இன்னொன்றைத் தேடினாள். முதல் எழுத்துக்கே திரும்பி வந்தாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை அவள் விட்டது தகப்பன் செத்த வருடம். கூட்டிக்கொண்டு போக ஆளில்லை. மெற்றில்டா சனிக்கிழமையும் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். இப்போது அந்தப் பிள்ளை வாய் திறந்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரையில் இருந்த அம்மா காத்திருந்தார்.

சும்மா நின்றால் போதும். மெற்றில்டாவுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் நேர்த்தி பலித்துவிடும், பிள்ளை வீட்டில் இருக்கும், விமானங்கள் யாருடைய தீவைச் சுற்றிப் பறந்தாலும் அவளுக்கென்ன. ஜெனோஜா திரும்பித் தாயைப் பார்த்தாள். உதவி கேட்ட பார்வைகூட இல்லை. அவமானப்பட்ட பிள்ளையின் பார்வை.

மெற்றில்டா வந்து மகளின் பின்னால் நின்று வாசித்தாள். பழைய தமிழ், சில இடத்தில் நாக்கு இடறியது. இடறினாலும் நிற்காமல் பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில் வாசித்துக்கொண்டு போனாள். பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய்.

பிறகு பேராசிரியை ஒரு கேள்வி கேட்டார்.

"ஆர் எண்டு கேக்கிறா," என்றாள் ஜெனோஜா. "நான் பொய் எழுதினனான், எனக்கு வாசிக்க ஏலாது, இது என்ர அம்மா எண்டு சொல்லப்போறன்."

சொன்னாள். பேராசிரியை இன்னொரு கேள்வி கேட்டார்.

"அதில என்ன சொல்லியிருக்கு எண்டு உங்களைக் கேக்கிறா."

"காணிக்கை," என்றாள் மெற்றில்டா. "கடல்ல போறவங்கள் பத்திரமாப் போய் வரோணும் எண்டு கோயிலுக்குக் குடுத்தது போலக் கிடக்கு." சொல்லிவிட்டுக் கையில் இருந்த செபமாலையைப் பார்த்தாள்.

ஜெனோஜா அதைச் சீனத்தில் சொன்னாள். பேராசிரியை அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். வகுப்புக்கு வரும்போது நீயே வாசிக்கவேண்டும் என்று சொல்லி, எண்ணை அனுப்புவதாகச் சொல்லிப் போனார்.

ஜெனோஜா எழும்பித் தாயைக் கட்டிப்பிடித்தாள். மெற்றில்டாவின் கைகள் மேலே எழவில்லை.

"பிள்ளை, உனக்கு இது கிடைக்கக்கூடாது எண்டு நான் மாதாட்ட நேர்ந்தனான்."

ஜெனோஜா விலகி நின்றாள். "என்ன?"

"ஓம். முழங்கால்ல நிண்டு கேட்டனான்."

"மாதாட்டப் போய் என்னைப் பற்றிக் கோள் மூட்டினீங்களோ?" அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. கோபத் தண்ணீர். "நான் எவ்வளவு அழுதனான். பக்கத்தில இருந்து தலையைத் தடவினீங்களே அம்மா!"

மெற்றில்டா குனிந்து நின்றாள்.

"பிறகேன் வாசிச்சீங்க? பேசாமல் நிண்டிருக்கலாமே."

"நீ தடுமாறினா என்னால பாத்துக்கொண்டு நிக்க ஏலுமே?" என்றாள் மெற்றில்டா. அழுகை அப்போதுதான் வந்தது. "அங்க போய்த் தடுமாறினா ஆர் பிள்ளை வருவினம்? சண்டை வந்தா முதல்ல நிப்பாட்டுறது பிளேன்தான். வாறன் வாறன் எண்டு சொல்லிப்போட்டு வர ஏலாமல் நிண்ட சனத்தை எனக்குத் தெரியும்."

சண்டை வராது என்று ஜெனோஜா இந்தமுறை சொல்லவில்லை. கதவையும் சாத்தவில்லை. கதிரையை இழுத்துத் தாயை இருத்திவிட்டு, தானும் பக்கத்தில் இருந்தாள். கோபம் போகவில்லை, முகத்தை மற்றப் பக்கம் வைத்துக்கொண்டே பேசினாள்.

"அப்ப நான் பத்திரமாப் போய் வரோணும் எண்டு அந்த நேர்த்தியை மாத்தி வையுங்கோ."

"மாத்தியாச்சு," என்றாள் மெற்றில்டா. "நீ என்னைத் திரும்பிப் பாத்தியே, அப்பவே மாத்தியாச்சு."