பூமிகா உட்காராத வாத்து

நீடாமங்கலத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் அந்த ஊரில் நடவு மெஷின் ஓட்டத் தெரிந்த ஒரே பெண் அனுசுயா. பிறந்தது நன்னிலத்துப் பக்கம். பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம் ஆகி இங்கே வந்தாள். அப்பா வீட்டில் பவர் டில்லர் ஓட்டிப் பழகியவள் என்பதால் இயந்திரம் என்றால் அவளுக்குக் கூச்சம் கிடையாது. வேளாண்மைத் துறைக்காரர்கள் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க ஊருக்கு ஒரு நடவு மெஷினைக் கொண்டுவந்தபோது, மற்றவர்கள் எல்லாரும் வரப்பில் நின்று ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அனுசுயா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அவள் நட்ட வரிசை கொஞ்சம் கோணல்தான். ஆனால் வயல் முடிகிற இடத்தில் மெஷினை நிறுத்தாமல், வரப்பில் இடிக்காமல், ஒரே வளைவில் திருப்பிக் கொண்டுவந்தாள்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அறிவுச்செல்வன். அந்த வட்டாரத்தில் நடவு மெஷின்களை வாடகைக்கு விடுகிறவர். அவருடைய டிரைவர் ஒருவர் திருப்பூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டதால், வருகிற குறுவைக்கு ஒரு மெஷினை அனுசுயாவிடமே கொடுத்துவிடலாம் என்று யோசித்தார். ஒருநாள் ஓட்டிக் காட்டச் சொன்னார். வீட்டில் குழந்தையை விட ஆளில்லாமல் அனுசுயா மூன்று வயதாகப் போகும் மகள் பூமிகாவையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். அவள் மெஷின் ஓட்டிய நேரம் முழுக்கப் பூமிகா அறிவுச்செல்வன் மடியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். குழந்தையை இறக்கிவிட்டு அவர் எழுந்து பார்த்தால் வெள்ளை வேட்டி முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

அவர் கோபப்படவில்லை. துண்டை எடுத்து இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"தங்கச்சி, கை நல்லாத்தான் இருக்கு ஒனக்கு. வாய்க்கால்ல தண்ணி வந்ததும் ஓட்டம் ஆரம்பிச்சுடும். அப்ப நீ தனியா வரணும். பாப்பாவ எங்கயாவது விட்டுட்டு வர முடியும்னா மெஷின் ஒனக்கு. முடியலன்னா சொல்லிடு, வலங்கைமான்லேருந்து ஒரு பையன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

அனுசுயாவுக்கு அந்த மெஷின் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று அவளாலேயே சொல்ல முடியாது. கணவன் திருமுருகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். வீட்டுச் செலவுக்கு அவன் அனுப்புவது போதும். ஆனால் மெஷின் மேல் உட்கார்ந்து, பின்னால் திரும்பிப் பார்க்கும்போது தண்ணீரில் பச்சைக் கோடுகளாக நாற்று நிற்குமே, அதை அவள் ஒருநாள் பார்த்துவிட்டாள். பார்த்தபிறகு வீட்டிலேயே இருப்பது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

குழந்தையை விடுவதற்கு ஊரில் இருந்த ஒரே இடம் அங்கன்வாடி. மாமியார் இல்லை, கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். மாமனார் துரைக்கண்ணு குத்தகை நிலத்தில் பயிர் வைக்கிறவர், பகலில் வயலில்தான் இருப்பார். அங்கன்வாடி டீச்சர் பிரகதாம்பாள் பூமிகாவைச் சேர்த்துக்கொள்ளத் தயார்தான். ஆனால் உதவியாளர் முட்டி ஆபரேஷனுக்காக லீவில் இருந்தார். சமையலும் டீச்சரே, சோறு ஊட்டுவதும் டீச்சரே. அதனால் அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஒன்றுக்கு வருகிறபோது குழந்தை வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பூமிகா ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தவள்தான்.

கைக்குழந்தையாக இருந்தபோது எல்லா வீட்டிலும் செய்வதுபோல அனுசுயாவும் கொல்லையில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களின் மேல் குழந்தையை உட்கார வைத்து, "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் கொடுத்துப் பழக்கினாள். குழந்தை கனக்கத் தொடங்கி, கால் மரத்துப்போக ஆரம்பித்த பிறகு, பூமிகா தானாகவே வந்து முந்தானையைப் பிடித்து இழுத்து "அம்மா, ஒண்ணுக்கு" என்று சொல்லத் தொடங்கினாள். எல்லா நேரமும் இல்லை. பாதி நேரம். அந்தப் பாதி நேரத்தையே பெரிய செய்தியாக அனுசுயா வீடியோ காலில் சொல்ல, திருமுருகனுக்குத் தலைகால் புரியவில்லை. லீவில் ஊருக்கு வந்த ஒரு நண்பர் மூலமாக ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கொடுத்தனுப்பினான். உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வாத்து. முதுகுப் பக்கம் குழந்தை உட்கார்ந்து ஒன்றுக்குப் போவதற்குக் குழி, பிடித்துக்கொள்ளக் கழுத்து. அசல் வாத்து மாதிரியே கண்.

பெட்டி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அந்த வீட்டில் எந்தப் புதுச் சாமானும் பொட்டு வைக்காமல் புழக்கத்துக்கு வராது. மோட்டாருக்கு வைத்தார்கள், மொபெட்டுக்கு வைத்தார்கள், மிக்சிக்குக்கூட வைத்தார்கள். துரைக்கண்ணு வாத்தைச் சாமி மாடத்துக்கு முன்னால் வைத்து, நெற்றியில் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, கழுத்தில் ஒரு முழம் மல்லிகைப் பூவும் சுற்றினார். கற்பூரம் ஏற்றிக் காட்டினார். பேத்தியின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, "கும்பிட்டுக்க பாப்பா" என்றார். பழக்கதோஷத்தில் அனுசுயாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். செய்வது என்ன என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் பூமிகாவைத் தூக்கி வாத்தின் மேல் உட்கார வைக்கப் போனால், குழந்தை பலகை மாதிரி விறைத்துக்கொண்டது. முழங்கால் மடங்கவே இல்லை. இறக்கிவிட்டதும் ஓடிப்போய்விட்டாள். அன்றோடு சொல்வதையும் நிறுத்திவிட்டாள். வருதா என்று கேட்டால் "வல்ல" என்பாள். கொஞ்ச நேரத்தில் நெல் மூட்டைக்குப் பின்னாலிருந்து சத்தமில்லாமல் வெளியே வருவாள், ஜட்டி நனைந்திருக்கும்.

என்னென்னவோ செய்து பார்த்தார்கள். வாத்துக்குப் பக்கத்தில் பிஸ்கட் வைத்தார்கள். பிஸ்கட் போயிற்று, பூமிகா உட்காரவில்லை. திருமுருகன் வீடியோ காலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, எப்படி உட்கார வேண்டும் என்று மகளுக்கு நடித்துக் காட்டினான். அறையில் கூடத் தங்கியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இங்கே வரை கேட்டது. பூமிகா போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். மிரட்டிப் பார்த்ததில் அழுகைதான் மிச்சம். அனுசுயாவும் அன்று அழுதாள், அடுப்படியில் நின்று, யாருக்கும் தெரியாமல்.

இதற்கு நடுவில் கல்லணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. இன்றோ நாளையோ ஊர் வாய்க்காலுக்கு வந்துவிடும். அறிவுச்செல்வன் போன் செய்து, வலங்கைமான் பையனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைவுபடுத்தினார். அனுசுயா வருவதாகச் சொல்லிவிட்டு வைத்தாள். எப்படி வரப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

அன்றைக்கு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். பூமிகா கொல்லையிலிருந்து ஒரு நந்தியாவட்டைப் பூவைப் பறித்துக்கொண்டு வந்து வாத்தின் தலையில் வைத்தாள். ஒரு கை பொரியை முதுகுக் குழிக்குள் போட்டாள். பிறகு அதைச் சுற்றி வந்து, நின்று, கண்ணை இறுக்க மூடிக் கும்பிட்டாள்.

அனுசுயா மெதுவாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"யாருடி இது?"

"சாமி."

"சாமியா? இது ஒண்ணுக்குப் போறதுக்கு அப்பா வாங்கிக் கொடுத்தது."

பூமிகா அம்மாவைப் பார்த்த பார்வையில் அவ்வளவு வருத்தம் இருந்தது. இதுகூடத் தெரியாத அம்மாவாக இருக்கிறாளே என்பதுபோல.

"சாமி மேல ஒண்ணுக்குப் போனா கண்ணக் குத்தும்."

அது அனுசுயாவே சொல்லிக் கொடுத்த வார்த்தைதான். எப்போதோ ஒருமுறை சாமி மாடத்துக்கு முன்னால் பூமிகா நனைத்துவிட்டபோது சொன்னது. குழந்தை அதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து சொன்னால் தூக்கிக்கொண்டு போய்ச் சாமி மேல் உட்கார வைக்கிறார்கள், அதனால் சொல்லாமலே இருப்பது நல்லது என்று அது முடிவு செய்திருந்தது. யோசித்துப் பார்த்தால் அந்த வீட்டில் ஒழுங்காக நடந்துகொண்ட ஒரே ஆள் பூமிகாதான்.

அனுசுயா பூவை எடுத்துப் போட்டு, பொட்டைத் தேய்த்துக் கழுவி, வாத்தை வெயிலில் காயவைத்தாள். சாயங்காலம் பார்த்தால் பூமிகா குங்குமச் சிமிழைத் திறந்து வாத்தின் நெற்றி முழுக்க அப்பிவைத்திருந்தாள். துரைக்கண்ணுவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் வெகுநேரம் தலையைச் சொறிந்தார். "பொட்டு வைக்காம ஒரு சாமான எப்புடிம்மா பொழங்குறது" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் தண்ணீர் வந்துவிட்டது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு காய்ந்த வாய்க்காலில் அது ஊர்ந்து வந்ததைப் பார்க்க, ஊரில் பாதிப் பேர் மதகடியில் கூடிவிட்டார்கள். பூவும் நெல்லும் கொண்டுவந்து தண்ணீரில் தூவினார்கள். அனுசுயா ஒரு கையில் பூமிகாவையும் இன்னொரு கையில் வாத்தையும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"என்ன அனுசுயா, வாத்து மேய்க்கப் போறியா?" என்று படித்துறையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"மேய்க்கல அக்கா. சாமிய ஊருக்கு அனுப்பி வைக்கிறேன்."

அவள் திட்டம் சுலபமானது. சாமியைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் சாமி போய்விடும், வாத்து மட்டும் மிஞ்சும். பூமிகாவிடம் அதை விளக்கமாகச் சொன்னாள். பூமிகாவும் தலையை ஆட்டினாள். அனுசுயா கரையில் உட்கார்ந்து, வாத்தை மூன்று முறை முக்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே எடுத்தாள்.

பூமிகா உதட்டைப் பிதுக்கினாள். "சாமி போவல."

போன மாதம் மாரியம்மன் திருவிழாவில் முளைப்பாரியைக் குளத்தில் விட்டபோது அவள் அம்மாவின் இடுப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாமி ஊருக்குப் போகிறது என்று அன்றைக்கும் சொல்லியிருந்தார்கள். போன பச்சைப் பயிர் திரும்பி வரவே இல்லை. ஊருக்குப் போகிற சாமி யாராவது கையில் சொட்டிக்கொண்டு நிற்குமா?

அனுசுயா வாத்தைப் பார்த்தாள். கடல் தாண்டி வந்த வாத்து. திருமுருகன் எவ்வளவு ஆசையாக வாங்கியிருப்பான் என்று நினைத்தாள். பிறகு மெஷினை நினைத்தாள். குனிந்து, வாத்தைத் தண்ணீரில் வைத்து, கையை எடுத்துவிட்டாள்.

வாத்து வாத்து மாதிரியே போயிற்று. ஒரு சுற்றுச் சுற்றி, முகத்தைக் கிழக்கே திருப்பிக்கொண்டு, மூன்று முறை முக்கியும் கரையாத குங்குமப் பொட்டோடு நுரைக்கு நடுவில் மிதந்து போனது. கீழ்ப்பக்கக் கரையில் நின்றவர்களுக்கு விவரம் தெரியாது. பொட்டைப் பார்த்ததும் ரெண்டு பேர் கும்பிட்டார்கள். ஒரு கிழவி பூ போட்டாள்.

"திருமுருகன்கிட்ட நீயே சொல்லிக்க" என்றார் பின்னால் நின்ற துரைக்கண்ணு.

வளைவு திரும்பி வாத்து மறைகிறவரை பூமிகா கையை ஆட்டி டாட்டா காட்டினாள். அதன்பிறகு ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள். அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, ஒண்ணுக்கு."

மதகடியில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னாள். அனுசுயா அவளை வாரி எடுத்துக்கொண்டு வாய்க்காலை விட்டுத் தள்ளியிருந்த கருவேலம் புதர்ப் பக்கம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டேதான் ஓடினாள்.

திருமுருகனிடம் அன்றைக்கே சொல்லிவிட்டாள். வாத்து கவிழாமல் போயிற்றா என்று மட்டும் அவன் கேட்டான். கவிழாமல்தான் போனது என்றதும் அவன் மனசு ஆறியது.

வாத்து ரொம்ப தூரம் போகவில்லை. அடுத்த ஊர் மதகில் சிக்கிக்கொண்டது. துரைக்கண்ணு போய் அதைச் சாக்கில் போட்டு எடுத்துவந்து பம்ப் கொட்டகையில் ஒளித்து வைத்திருக்கிறார். பூமிகாவுக்கு அது தெரியாது, தெரியவும் கூடாது. வீட்டில் பெரியவர்கள் போகும் கக்கூஸிலேயே அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அவள் உட்காரப் பழகிவிட்டாள்.

திங்கட்கிழமை பூமிகாவை அங்கன்வாடியில் விட்டுவிட்டு அனுசுயா மெஷினில் ஏறினாள். முதல் வயல். பின்னால் நின்ற பெண் பாய் மாதிரி வளர்த்த நாற்றை மெஷின் தட்டில் சரித்துக்கொடுக்க, மெஷின் கடகடவென்று நட்டுக்கொண்டு போனது. பாதி வயலில் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. டீச்சர்தான். நனைத்துவிட்டாள், வந்து கூட்டிக்கொண்டு போ என்று சொல்லப்போகிறார். வரப்பில் அறிவுச்செல்வன் நின்றுகொண்டிருந்தார். அவள் மெஷினை நிறுத்திவிட்டு, சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"டீச்சர், சொல்லலியா?"

"சொல்றா. சொல்லிக்கிட்டே இருக்கா" என்றார் பிரகதாம்பாள். "எனக்கு உப்புமா கிண்ட நேரம் கெடைக்கல. அவளுக்கு வந்தா அவ சொல்றா, பக்கத்துல இருக்கற புள்ளைக்கு வந்தாலும் அவளே சொல்றா. வராதப்பயும் சொல்லிட்டு, போயி கப்புல தண்ணி மொண்டு மொண்டு ஊத்திட்டு வர்றா. கொஞ்சம் கம்மியா சொல்லச் சொல்லுங்க அனுசுயா."

அனுசுயா மெஷின் மேல் உட்கார்ந்தபடி சத்தமாகச் சிரித்தாள். வரப்பிலிருந்து அறிவுச்செல்வன், எதற்கு நடுவயலில் நிற்கிறாள் என்று கையைக் காட்டிக் கேட்டார். ஒன்றுமில்லை என்று அவளும் கையைக் காட்டிவிட்டு மெஷினைக் கிளப்பினாள். திரும்பிப் பார்த்தபோது, நின்று கிளம்பிய இடத்தில் வரிசை கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. சாயங்காலம் இறங்கிக் கையால் நட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு, வயல் முடிகிற இடத்தில் மெஷினை ஒரே வளைவில் திருப்பினாள்.