மஞ்சளில் தோய்த்த புடவையோடு எண்ணூர் போய் வந்தது

போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எண்ணூருக்குப் போனேன். காற்று வாங்க இல்லை, படம் பிடிக்க. பேசும் படம் வந்துவிட்டது என்கிறார்கள். இந்தப் படக் கம்பெனிக்கு வசதி ஊமைப்படத்துக்குத்தான். கதாநாயகனுக்குத் தாயாக நடிக்க வேண்டிய நாடகக்காரிக்குக் காய்ச்சல் என்று டைரக்டர் எங்கள் காலடிப்பேட்டைத் தெருவில் ஆள் தேடி வந்தார். ஐந்து பேரப்பிள்ளைகள் எடுத்த எனக்குத் தாய் வேஷம் என்ன கஷ்டம்? சரி என்றேன். என் புருஷனின் அக்கா பாக்கியம் துணைக்கு என்று கூடவே கிளம்பினாள். துணையாவது! வேவு பார்க்க வந்தாள்.

திருவொற்றியூர் ஸ்டேஷனில் காலை ஆறரை வண்டி. மூன்றாம் வகுப்புக்கு ஒன்றரை அணா. கடல் பக்கமாக உட்காருங்கள், வெயில் பட்டாலும் காற்று வரும். எண்ணூரில் இறங்கி முகத்துவாரத்துக்கு ஒரு மைலுக்கு மேல் மணலில் நடக்க வேண்டும். செருப்பு இல்லாதவர்கள் ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும், அப்புறம் மணல் கொதிக்கும்.

அங்கே சவுக்குத் தோப்பு நிழலில் ஒரு அண்டா நிறைய மஞ்சள் தண்ணீர் வைத்திருந்தார்கள். வெள்ளைத் துணி வெயிலில் கேமராவுக்குக் கண் கூசுமாம். அதனால் கதாநாயகன் வேட்டி முதல் எல்லாவற்றையும் அதில் தோய்த்துத்தான் எடுத்தார்கள். கேமராக்காரர் என் வெள்ளைப் புடவையைக் காட்டி, "ஆயா, அதையும் முக்கணும்" என்றார்.

பாக்கியம் பாய்ந்து வந்தாள். "இன்னாடி கன்னிம்மா, தாலி அறுத்தவ மஞ்ச கட்டிக்கினு நிப்பியா? கட்டினா என் வூட்டுப் படி ஏறாத. ராத்திரிக்கு எங்க படுப்பியோ படு."

அவள் வீடாம். என் புருஷன் கொத்தனாரோடு நின்று கட்டிய வீடு. அவர் போன பத்தாம் நாள் சாவியை இடுப்பில் செருகியவள், பதினாலு வருஷமாக எடுக்கவில்லை. ஆனாலும் அவள் சொன்னால் செய்கிறவள். அன்று இரவு எனக்குக் கூரை இல்லாமல் போகலாம் என்று தெரிந்தது. அந்த மஞ்சள் தண்ணீரைப் பார்த்தேன். தோப்புக்குள் போய், உட்கார விரித்திருந்த ஜமக்காளத்தைச் சுற்றிக்கொண்டு, புடவையை அவிழ்த்து நானே முக்கினேன். அரை மணியில் காய்ந்துவிட்டது.

மகனை ஏமாற்றிக் கப்பலேற்றிய தரகனைத் தாய் திட்டுகிற காட்சி. "இன்னா திட்டறது?" என்று கேட்டேன்.

"வாய்க்கு வந்தது திட்டும்மா. சத்தம் படத்துல வராது, மூஞ்சிதான் வேணும்" என்றார் டைரக்டர்.

தரகன் வேஷக்காரன் எனக்கு எதிரே, கேமராவை ஒட்டி நின்றான். அவனுக்குப் பின்னால் பாக்கியம். கேமராக்காரர் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார். நான் அவன் தோளுக்கு மேலே பாக்கியத்தைப் பார்த்துத் திட்டினேன்.

"என் கூறைப் பொடவையக் கிழிச்சு உன் பேரனுக்குத் தூளி கட்டினியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா? வளையல ஒடைக்கிறேன்னு கல்லால தட்டினியே, தோ பாரு, கைல தழும்பு இன்னும் கீது! என் பித்தளக் கொடத்த உன் பொண்ணுக்குச் சீர் வெச்சியே!"

தரகன் வேஷக்காரன் நிஜமாகவே இரண்டடி பின்வாங்கினான். "நான் இல்லம்மா!" என்றான். வேடிக்கை பார்த்த படகோட்டிகள் சிரித்தார்கள். பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. ஒரே தடவையில் காட்சி முடிந்தது, கேமராக்காரர் இன்னொரு தடவை கேட்கவே இல்லை.

மாலை வண்டியில் பாக்கியம் வேறு பெட்டியில் ஏறினாள். திருவொற்றியூரில் இறங்கி எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்து போய் வாசற்படியில் குறுக்கே நின்றாள். தெருவே பார்த்தது. நான் மஞ்சள் புடவையோடு படியில் கால் வைத்து, "சாவியக் குடு அண்ணி" என்றேன். கத்தவில்லை. மணலில் காட்டிய மூஞ்சி அப்படியே இருந்திருக்க வேண்டும். இடுப்பிலிருந்து எடுத்தாள்.

"இந்தா, அப்படி மொறைக்காத" என்று கொடுத்துவிட்டு நகர்ந்தாள்.

எண்ணூர் போகிறவர்கள் குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள், அங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பு. படப்பிடிப்பில் வெள்ளையைத் தோய்க்கச் சொன்னால் தயங்காமல் தோய்த்துக் கொள்ளுங்கள். சாயம் நாலு துவைப்பில் போய்விடும். கேட்க வேண்டியதை அதற்குள் கேட்டுவிட வேண்டும்.